எண்பத்து நான்கு நாள் மாத்திரை

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் அவளை மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காலை ஏழு மணிக்கு டவர் கிரேனின் ஏணியில் கால் வைத்தாளென்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் மண்ணைத் தொடுவாள். அதுவரை கீழே இருக்கும் நூறு பேருக்கு அவள் ஆகாயத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி, வாக்கி டாக்கியில் வரும் ஒரு குரல், அவ்வளவுதான். "மேலக்கா, கொஞ்சம் இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதும், இறக்குங்க" என்று கீழே நின்று சொல்லும் சிக்னல்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான்.

அந்த வேலைக்கு அவள் வந்தது தற்செயல். சைட் ஆபீசில் சிமெண்ட் லாரி வந்து போகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், கிரேன் பயிற்சிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது ஒருவரும் வாயைத் திறக்காததால் கையைத் தூக்கினாள். உயரம் அவளுக்கு ஒத்துக்கொண்டது. பதினைந்து மாடி உயரத்தில் காற்று கேபினை ஆட்டும்போது மற்றவர்களுக்கு வயிற்றைப் பிரட்டும். அவளுக்குத் தொட்டிலில் கிடப்பதுபோல இருக்கும். ஒரே சங்கடம், மேலே கழிப்பறை கிடையாது. ஆண்கள் பாட்டிலை வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். அவள் இறங்க வேண்டுமென்றால் இருநூற்றுப் பன்னிரண்டு படி. கிரேன் நின்றால் சைட்டே நிற்கும். நூறு பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எதற்காக இறங்குகிறாள் என்று ஆளுக்கொன்று நினைத்துக்கொள்வார்கள்.

மாதத்தில் நான்கு நாள் அவளுக்கு நரகம். உதிரம் கொட்டும். இடுப்பை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலிக்கும். இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தொங்கும் இரும்புக் கம்பிக் கட்டை நடுங்காமல் இறக்குவாள். முப்பத்து நான்கு வயதில் ஒருநாள் ஏறும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, ஏணி நடுவே ஓய்வெடுக்க இருக்கும் இரும்புத் தட்டில்தான் விழுந்தாள். பாதுகாப்புப் பட்டையும் மாட்டியிருந்தாள். இல்லையென்றால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

அப்போது பார்த்த டாக்டரம்மாதான் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். கருத்தடை மாத்திரைதான், ஆனால் சாதாரணமாக மூன்று வாரம் போட்டு ஒரு வாரம் விடுவது போல் அல்ல. எண்பத்து நான்கு நாள் விடாமல் போட வேண்டும். அப்புறம் ஏழு நாள் மருந்தில்லாத வெறும் மாத்திரை. அந்த ஒரு வாரத்தில்தான் தீட்டு வரும். அதாவது வருடத்துக்கு நான்கே தடவை.

"ஒண்ணும் ஆகாதா டாக்டர்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. ஏதாவதுன்னா வாங்க" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான் பேச்சு. ஏதாவது என்றால் எது என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவும் இல்லை. முதல் நான்கைந்து மாதம் இடையிடையே கொஞ்சம் கறை பட்டது. பிறகு அதுவும் நின்றது. அவளுக்கு மறுபிறவி எடுத்தது போலிருந்தது. காலண்டரைப் பார்த்துப் பயப்படுவதை விட்டாள். இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்திருந்த வீட்டில் அந்தக் கவலையும் தீர்ந்தது. டாக்டரம்மா மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் எழுதிய சீட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. மருந்துக் கடைக்காரர் சீட்டைக் கேட்பதையே நிறுத்தி, அவள் தலையைக் கண்டதும் பெட்டியை எடுத்து வைத்தார். ஏழு வருடம் ஓடிவிட்டது.

ஆபரேட்டர்களுக்கு வருடம் ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. அதில் தேறினால்தான் கிரேனில் ஏறலாம். விண்ணப்பத்தில் 'தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அவள் எப்போதும் அதைக் காலியாக விடுவாள். மருந்து என்பது நோய்க்குத்தானே, தனக்கு என்ன நோய் என்பது அவள் எண்ணம். அந்த வருடம் கம்பெனிக்குப் புது டாக்டர் வந்திருந்தார். மீசை இன்னும் சரியாக அடராத வயது. கேள்வியை வாய்விட்டே கேட்டார். அவளும் மறைக்கத் தோன்றாமல் சொல்லிவிட்டாள்.

டாக்டரின் பேனா நின்றது. "எத்தனை வருஷமா?"

"ஏழு."

"ஏழு வருஷமா? தொடர்ச்சியாவா? உங்களுக்கு இப்ப வயசு நாப்பத்தொண்ணு." அவளுக்கே தெரியாத சேதியைச் சொல்வதுபோல அதைச் சொன்னார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினார். நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார். பெரிதாக மாறவில்லை.

"போன வருஷமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு சார்."

"இருக்கலாம். இப்ப இல்லையே. முதல்ல அந்த மாத்திரையை நிறுத்துங்க. இந்தப் பிரஷரோட அது கூடாது. இரத்தம் உறையலாம், பக்கவாதம் வரலாம். ஒரு பெண் டாக்டரைப் பாருங்க. பிரஷர் கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் நான் கிரேன் ஏற கையெழுத்துப் போட முடியாது."

பக்கவாதம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவர் பேசியது எதுவும் அவளுக்கு ஏறவில்லை. காலையில் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தலைசீவி, இரண்டு பஸ் மாறி வந்தவள். ஒரு வலி இல்லை, ஒரு காய்ச்சல் இல்லை. வாசலுக்கு வந்து தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது. இடக்கையையும் தூக்கிப் பார்த்தாள். அடுத்த ஆளாக உள்ளே போகக் காத்திருந்த வெல்டர், "என்னக்கா, கை தூக்கிக் காட்டணுமா?" என்று பயத்தோடு கேட்டு, தானும் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

வீட்டில் கணவரிடம்தான் முதலில் சொன்னாள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தால்தான் நம்புவார். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை இத்தனை வருடத்தில் இருவரும் பிரித்ததில்லை. பிரித்தால் அது சாப்பாட்டு மேசையை மூடியது. எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. அவர் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படித்தார்.

"சிலருக்குத் தலைவலி வரலாம். சிலருக்குத் தூக்கம் வராமப் போகலாம். சிலருக்குத் தூக்கம் அதிகமா வரலாம். எடை கூடலாம். எடை குறையலாம்."

"இதுல எனக்கு எதுங்க?"

"அதைப் போடல. இரு... அரிதாக இரத்தக் கட்டி. மிக அரிதாகக் கல்லீரல்..." அவர் நிறுத்தினார். "அரிதாகன்னா என்ன, மிக அரிதாகன்னா என்ன?"

"எனக்கு வந்தா அரிதா என்ன?"

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பதில் சொல்லத் தெரியாதபோது அவர் மூக்கைத் தேய்ப்பது வழக்கம். அன்று மூக்கு சிவந்துவிட்டது. காகிதத்தைப் பழையபடி மடிக்க இருவரும் எவ்வளவோ முயன்றார்கள். அது பெட்டிக்குள் போக மறுத்துவிட்டது.

அவள் மாத்திரையை நிறுத்தினாள். ஒரு பெட்டிக்கு மூன்று மாத்திரைப் பட்டை. நடுப் பட்டையில், முப்பதாவதோ முப்பத்தோராவதோ நாள். நிறுத்திய மூன்றாம் நாள் உதிரம் ஆரம்பித்தது. ஐந்து நாளில் நிற்கும் என்று பார்த்தால் பத்து நாள் போனது. அந்தப் பத்து நாளும், அதற்குப் பிறகும், அவளைத் தரையில்தான் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் வேறொரு ஆபரேட்டர். இவள் சிக்னல்காரருக்குப் பக்கத்தில் நின்று வாக்கி டாக்கியில் கம்பிக்கு வழி சொன்னாள். இத்தனை வருடம் தலையைக் குனிந்தே பார்த்த பழக்கம், இப்போது அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டே நாளில் யாரோ அவளுக்குக் கீழக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றது.

"எத்தனை நாளைக்குக்கா இங்க?" என்று கேட்டார் சிக்னல்காரர்.

"பிரஷராம். இறங்கணும்."

"நீங்க இறங்கிட்டீங்க. அதுவும் இறங்கிடும்" என்றார் அவர். ஆறுதலுக்குச் சொன்னதுதான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

விஷயம் நாத்தனார் காதுக்கும் போய்விட்டது. கணவரின் தங்கை. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். பக்கத்தில் உட்கார்ந்தவர் காலடியில் ஒரு பிரேக், தன் காலடியில் ஒரு பிரேக் என்று பழகிப் பழகி, மற்றவர் வாழ்க்கையிலும் தனக்கு ஒரு பிரேக் இருப்பதாக நினைத்துக்கொள்வாள். மனசு கெட்டதில்லை. சாயங்காலம் வந்து சமையலறையில் நின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"அண்ணி, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. வருஷத்துக்குப் பன்னெண்டு தடவை வரவேண்டியது நாலு தடவைதான் வந்துச்சுன்னா மிச்சம் எட்டு எங்க போச்சு?"

"எங்க போச்சு?"

"உள்ளதான் இருக்கு. ஏழு வருஷ அழுக்கு. அதான் இப்ப பத்து நாளா கொட்டுது. பிரஷர் ஏறாம என்ன பண்ணும்?"

மேலக்கா அடுப்பைத் தணித்துவிட்டு மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அபத்தம் என்று ஒரு பக்கம் தோன்றியது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று மறுபக்கம் தோன்றியது. மருந்துக் கடைக்காரரிடம் போய்க் கேட்டால் அவர், "அதெல்லாம் சும்மா. எத்தனையோ பேர் வாங்குறாங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றார். நன்றாக இல்லாதவர்கள் எப்படிக் கடைக்கு வருவார்கள் என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருத்தர் பக்கவாதம் என்கிறார். ஒருத்தி அழுக்கு என்கிறாள். ஒருத்தர் சும்மா என்கிறார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், யார் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று அவளுக்குப் பட்டது.

அதற்கப்புறம் உதிரம் நின்றது. நின்றது நின்றதுதான். ஒரு மாதம் தள்ளியது. ஒன்றரை மாதம் தள்ளியது. முன்பெல்லாம் மூன்று மாதம் வராமலிருந்தால் நிம்மதி. இப்போது ஆறு வாரம் வராததற்கு உயிர் போனது. கர்ப்பமா? மாத்திரையை நிறுத்திய பிறகு அவரும் இவளும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள், ஒரே ஒரு நாளைத் தவிர. அல்லது ஒரேயடியாக நிற்கிற வயதா? அல்லது ஏழு வருடத்தில் உள்ளே ஏதாவது கெட்டுப்போய்விட்டதா? ஒரே அறிகுறிக்கு மூன்று அர்த்தம். வேறு வட்டாரத்து மருந்துக் கடையில் போய்ச் சோதனை அட்டை வாங்கிவந்தாள். ஒரே கோடு. இல்லை என்று அர்த்தம். சந்தேகத்துக்கு இன்னொன்று வாங்கினாள். அதிலும் ஒரே கோடு. கணவர் அதையும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இரண்டாவது கோடு கொஞ்சம் தெரியற மாதிரி..." என்று இழுத்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று அட்டையைப் பிடுங்கினாள்.

அந்த வாரத்தில்தான் இன்னொன்று தெரியவந்தது. மீதமிருந்த மாத்திரைகளை அவள் தூக்கியெறியவில்லை. இரண்டு முழுப் பெட்டியும் பாதி தீர்ந்த பட்டையும் துணி அலமாரியில் இருந்தன. டாக்டரைப் பார்க்கப் போகும்போது காட்ட வேண்டும் என்று எடுத்தவள், ஒரு முழுப் பெட்டி பிரிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். பதினெட்டு மாத்திரை இல்லை. தான்தான் குழப்பத்தில் போட்டுத் தொலைத்தோமோ என்று ஒரு நிமிடம் தன்னையே சந்தேகப்பட்டாள். அந்த அளவுக்கு அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை போயிருந்தது.

மகளுக்குப் பதினேழு வயது. பள்ளிக் கடைசி வருடம். நீச்சல் அணியில் இருந்தாள். அறைக்குள் போய்ப் பெட்டியை நீட்டியதும் பெண் முகம் மாறியது.

"நான்தாம்மா எடுத்தேன்."

"எதுக்குடி?" கேட்கக் கூடாததெல்லாம் மனசுக்குள் வரிசைகட்டி நின்றது.

"அடுத்த மாசம் போட்டி. சரியா அந்தத் தேதியில வரும். போன தடவை தண்ணிக்குள்ளயே சுருண்டுட்டேன், கோச் கைகொடுத்துத் தூக்கினாங்க. உனக்குத் தெரியாது, நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லுவே? எல்லாருக்கும் இருக்கறதுதான், பல்லைக் கடிச்சுக்கோன்னு சொல்லுவே. அத்தைகிட்ட ஒரு தடவை சொன்னேன், அவங்க அப்படித்தான் சொன்னாங்க. ஆனா நீ மட்டும் மாத்திரை போட்டே. ஏழு வருஷமா. அப்போ எனக்கும் சரியாத்தானே வரும்?"

"அது... அதை நானே நிறுத்திட்டேனே. ஆபத்துன்னு சொல்லிட்டாங்க."

"ஆபத்துன்னா உனக்கு என்ன ஆச்சு?"

மேலக்கா வாயைத் திறந்தாள். பிரஷர் ஏறியது. அது மாத்திரையால்தானா என்று தெரியாது. பத்து நாள் கொட்டியது. அது நிறுத்தியதால். வேறு என்ன ஆனது? ஏழு வருடம் வலி இல்லாமல் இருந்தது. ஏணியிலிருந்து விழவில்லை. வேலை போகவில்லை. இதையெல்லாம் சொன்னால் போடு என்று சொல்வதுபோல ஆகும். சொல்லாவிட்டால் பொய். தனக்கு என்று வந்தபோது ஒரு வார்த்தையோடு விட்டுவிட்ட கேள்வி, மகளுக்கு என்று வந்ததும் மலையாக எழுந்து நின்றது.

"தெரியலடி," என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணுமே தெரியல. தெரிஞ்சவங்ககிட்ட கேக்கலாம். அதுவரைக்கும் நீ தொடாதே."

"நடுவுல நிறுத்தினா உனக்கு ஆன மாதிரி ஆகுமா?"

அதுவும் தெரியவில்லை.

அரசு மருத்துவமனையில் அவர்கள் போய்ப் பார்த்த புது டாக்டரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த கருப்பை ஒன்று இருந்தது. ஒரு பக்கக் குழாய் உடைந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அம்மாவும் பெண்ணும் சேர்ந்து வந்ததைப் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்டார். "ரெண்டு பேருக்கும்" என்றாள் மகள். "அப்போ இன்னொரு நாற்காலி போடுங்க" என்றார்.

மேலக்கா முன்னுக்குப் பின்னாக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பக்கவாதம், அழுக்கு, அரிதாக, மிக அரிதாக, ஒரே கோடு. டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை. பிரஷர் பார்த்தார். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு.

"குறைஞ்சிருக்கே. அப்போ மாத்திரையாலதானா டாக்டர்?"

"இருக்கலாம். சிலருக்கு அந்த மாத்திரை பிரஷரை ஏத்தும், நிறுத்தினா இறங்கும். ஆனா உங்களுக்கு வயசும் ஏறுது, ரெண்டு மாசமா ஏணியும் ஏறல. எது எவ்வளவு காரணம்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"உள்ள அழுக்கு தங்கியிருக்குமா?"

டாக்டரம்மா பிளாஸ்டிக் கருப்பையை எடுத்தார். "மாசாமாசம் இங்க உள்பக்கம் ஒரு மெத்தை மாதிரி வளரும். குழந்தை தங்கலைன்னா அது உதிரும். அதுதான் தீட்டு. இந்த மாத்திரை போட்டா மெத்தை வளரவே வளராது, மெலிசாவே இருக்கும். வளராதது எப்படிம்மா தங்கும்? போடாத சோறு மிச்சமாகுமா?"

மேலக்காவுக்கு ஏழு வருடப் பாரம் ஒன்று இறங்கியது. நாத்தனாரிடம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

"அப்போ ஏழு வருஷம் போட்டதுல தப்பு இல்லையா?"

"நில்லுங்க. இந்த மருந்தைப் பெண்கள் பல பத்து வருஷமா சாப்பிடறாங்க. அதைப் பத்தி நிறையத் தெரியும். இரத்தம் உறையற அபாயம் கொஞ்சம் கூடும், பெரும்பாலானவங்களுக்கு வராது, ஆனா வந்தா சின்ன விஷயம் இல்ல. மார்புப் புற்று அபாயம் போடற காலத்துல லேசாக் கூடும். கருப்பைப் புற்றும் சூலகப் புற்றும் குறையும். ஆனா மூணு மாசம் விடாமப் போடற இந்த முறையை மட்டும் எடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகள்ல பெரும்பாலும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்தான் தொடர்ந்து கவனிச்சிருக்காங்க. அதுல மத்த மாத்திரையைவிட மோசமா எதுவும் தெரியல. ஏழு வருஷம், பத்து வருஷம் போட்டவங்களைப் பத்திக் கேட்டா, மோசமா இருக்காதுன்னு நினைக்கிறோம். நினைக்கிறோம்னுதான் சொல்றேன்."

"முன்னால எனக்கு எழுதிக்கொடுத்த டாக்டர் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. கம்பெனி டாக்டர் ஆபத்துன்னு சொன்னார். யாரு சரி?"

"முப்பத்தி நாலு வயசு, சரியான பிரஷர், சிகரெட் இல்ல. அவங்க கொடுத்தது சரி. நாப்பத்தொண்ணு வயசு, நூத்தைம்பது பிரஷர். அவர் நிறுத்தினது சரி. நடுவுல ஏழு வருஷம் யாருமே உங்களைக் கேக்கல. அதுதான் தப்பு."

மேலக்கா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். தலை ஆடியதே தவிர உள்ளே எதுவும் அதனதன் இடத்தில் உட்காரவில்லை. டாக்டரம்மா அவளைப் பரிசோதித்து, கர்ப்பம் இல்லை, நிறுத்தியபின் சிலருக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும் என்றார். வலி திரும்பினால் கருப்பைக்குள் வைக்கும் சின்னச் சாதனம் ஒன்று உண்டு, அதிலுள்ள மருந்து பிரஷரைத் தொந்தரவு செய்யாது என்றார். யோசித்துச் சொல்லச் சொன்னார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

மகளிடம் அரைமணி நேரம் கேள்வி. வலி எப்போது, எவ்வளவு, மயக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது காலில் இரத்தக் கட்டி வந்ததா. "தலைவலி வருமா?"

"வரும் டாக்டர்" என்று முந்திக்கொண்டாள் மேலக்கா. "பரீட்சை வந்தா வரும்."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "தலைவலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமா? மின்னல் மாதிரி, வளைஞ்சு வளைஞ்சு கோடு மாதிரி? பாதிப் பார்வை மறையுமா?"

மகள் யோசித்தாள். மேலக்கா அவள் முகத்தையே பார்த்தாள். ஏன் கேட்கிறார் என்று தெரியாமலே பயந்தாள்.

"இல்ல டாக்டர். சும்மா வலிக்கும். தூங்கினா போயிடும்."

"அப்படித் தெரிஞ்சிருந்தா பக்கவாத அபாயம் கூடும், இந்த மாத்திரை உனக்குக் கூடவே கூடாது. அதுக்குத்தான் அடுத்தவங்க மாத்திரையை எடுத்துப் போடக்கூடாதுங்கறது. அது அம்மாவா இருந்தாலும்." பெண்ணின் கன்னம் சிவந்தது. பிரஷர் பார்த்தார். நூற்றுப் பத்துக்கு எழுபது. சீட்டை எடுத்து எழுதினார். மேலக்கா எட்டிப் பார்த்தாள். அதே மாத்திரை. எண்பத்து நான்கு நாள், ஏழு நாள்.

"டாக்டர், இப்பத்தானே எனக்குக் கூடாதுன்னீங்க?"

"உங்களுக்குக் கூடாது. இவளுக்கு ஆகும்."

"ஒரே மாத்திரை."

"ஆள் வேற இல்லையா?"

அவள் டாக்டரம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே அறை, ஒரே காலை, ஒரே பேனா. புத்திக்குப் புரிந்தது. நெஞ்சு ஏற்கவில்லை. இருபது வருடம் கழித்து இவளும் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து கையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாளோ?

"நான் என்ன பண்ணட்டும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"உங்களைக் கேக்கலம்மா. அவளைக் கேக்கறேன். நீ என்ன சொல்றே?"

"நான் போட்டுப் பாக்கறேன்" என்றாள் மகள். "ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வர்றேன். பிரஷர் பாக்கணும்ல?"

டாக்டரம்மா சிரித்தார். அந்த வாரமே ஆரம்பிக்க வேண்டாம், அடுத்த தீட்டு வந்ததும் புதுப் பெட்டியை முறைப்படி ஆரம்பி, முதல் மாதங்களில் கறை பட்டால் பயப்படாதே, கால் வீங்கி வலித்தாலோ மூச்சு முட்டினாலோ மட்டும் ஓடி வா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இதையெல்லாம் தன்னிடம் யாரும் சொன்னதில்லை என்று மேலக்காவுக்குத் தோன்றியது. அது பொறாமையா நிம்மதியா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

மகள் அந்தப் போட்டியில் நான்காவதாக வந்தாள். பரிசு இல்லை, ஆனால் சுருளவில்லை. மேலக்காவுக்குப் பத்தாவது வாரம் உதிரம் வந்தது, பழைய வலியோடு. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாதனத்தை வைத்துக்கொண்டாள். பிரஷருக்குத் தினம் ஒரு சின்ன மாத்திரை. கருத்தடை மாத்திரையால் வந்த பிரஷர் என்றால், அதை நிறுத்திய பிறகும் இது ஏன் என்று கணவர் கேட்டார். அவளும் டாக்டரம்மாவைக் கேட்டாள். "சிலருக்கு முழுசா இறங்காது. உங்களுக்கு எப்படியும் வந்திருக்குமோ என்னவோ" என்று பதில் வந்தது. கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டார். மேலக்கா மறுபடி கிரேன் ஏறினாள். நாத்தனாரிடம் மெத்தைக் கதையைச் சொன்னபோது, அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ பத்து நாள் கொட்டினது?" என்றாள். அதற்கு மேலக்காவிடம் பாதி பதில்தான் இருந்தது.

ஆறு மாதம் கழித்து மகளோடு மறுபடி போனாள். எல்லாம் சரியாக இருக்கிறது, தொடரலாம் என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் மகள்.

"அம்மா, எத்தனை வருஷம் இதைப் போடலாம்?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கலாம்."

"அது பதில் இல்லையே."

"இல்லதான்" என்றாள் மேலக்கா.

மகள் இன்னும் ஏதோ கேட்கப் போனாள். அதற்குள் அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இருவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்கள்.